வாரிசில்லாத அரசு: டர்ஹாம் ஆயர்பதவி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் ஆற்றுக்குத் தென்கரை யார்க்‌ஷயர், வடகரை டர்ஹாம். டர்ஹாமுக்குப் புதிதாக நியமிக்கப்பட்ட ஆயர் தெற்கேயிருந்து வந்து ஆற்றைக் கடக்கும் இடத்தில், சாக்பர்ன் நிலத்தின் உரிமையாளர் கையில் வாளோடு காத்திருப்பார். நீஷம் துறையில் ஆற்றின் நடுவிலோ, க்ராஃப்ட் பாலத்தின் மேலோ சந்திப்பு நடக்கும். கான்யர்ஸ் என்ற வீரன் ஆண் பெண் குழந்தை என்று பாராமல் கொன்று தீர்த்த பறக்கும் பாம்பை வெட்டிய வாள் இது என்று சொல்லி அவர் நீட்டுவார். ஆயர் அதை வாங்கி, நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் நிலத்தை அனுபவி என்று வாழ்த்தித் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான் சடங்கு. அதை முடித்துவிட்டுத்தான் ஆயர் தன் மண்ணில் கால் வைப்பார்.

அந்த வாள் இன்றும் டர்ஹாம் பேராலயத்தின் கருவூலத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. நுனிப்பக்கம் அகன்று, பார்த்தால் கசாப்புக் கத்திக்கு அண்ணன் மாதிரி இருக்கும். பிடியின் குமிழில் ஒரு பக்கம் இங்கிலாந்தின் மூன்று சிங்கங்கள், மறுபக்கம் ஒரு கழுகு. பாம்புக் கதையை விட்டுவிடுவோம். கவனிக்க வேண்டியது சடங்கின் சட்டப் பொருள். நிலம் வைத்திருப்பவன் இப்படி வந்து நின்று கடமை செலுத்துவது அரசனிடம். இங்கே அரசன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆயர் நிற்கிறார்.

அது எப்படி வந்தது, எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது, கடைசியில் ஏன் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் போனது என்பதுதான் இந்த ஆய்வு. (சொல் பற்றி ஒன்று: சி.எஸ்.ஐ. சபையார் பிஷப்பைப் பேராயர் என்பார்கள், கத்தோலிக்கர் ஆயர் என்பார்கள். இங்கே ஆர்ச்பிஷப்பும் வருவதால், குழப்பம் வேண்டாமென்று பிஷப்பை ஆயர் என்றும் ஆர்ச்பிஷப்பைப் பேராயர் என்றும் எழுதுகிறேன்.)

முதலில் ஒரு பிணப்பெட்டி. 635இல் அய்டன் என்ற துறவி லிண்டிஸ்ஃபார்ன் தீவில் மடம் அமைத்தார். அதே மடத்தின் ஆயராக இருந்த கத்பர்ட் 687இல் இறந்தார். பதினோரு ஆண்டு கழித்துப் பெட்டியைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்தது என்றார்கள். அதோடு அவர் வடநாட்டின் புனிதராகிவிட்டார். 793இல் வைக்கிங்குகள் தீவைச் சூறையாடினார்கள். தொல்லை ஓயவில்லை, 875இல் துறவிகள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் நூறாண்டுக்கு மேல் தங்கி, 995இல் டர்ஹாமுக்கு வந்து சேர்ந்தார்கள். வியர் ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் பாறை மேடு அது. கோட்டை கட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இந்தக் காலமெல்லாம் அரசர்கள் நிலம் எழுதிக் கொடுத்தது ஆயருக்கு அல்ல, கத்பர்ட்டுக்கு. அங்கு வாழ்ந்தவர்களைப் ‘புனிதரின் மக்கள்’ என்றே சொன்னார்கள். அந்தப் பெயரை அவர்கள் பின்னால் ஆயருக்கு எதிராகவே பயன்படுத்தப் போகிறார்கள்.

1066இல் நார்மானியர் வந்தார்கள். முதலாம் வில்லியம் அனுப்பிய பிரபு ராபர்ட் கொமைன் 1069 ஜனவரியில் டர்ஹாமிலேயே படையோடு வெட்டிக் கொல்லப்பட்டார். வில்லியம் வடக்கு முழுவதையும் எரித்துப் பழிதீர்த்தார். அதற்குப் பிறகும் ஆள யாராவது வேண்டுமே. உள்ளூர்ப் பிரபு வால்தியாஃப் 1076இல் கலகக் குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டதும், பிரபுவின் அதிகாரமும் டர்ஹாம் ஆயர் கைக்கே போனது. அப்போதைய ஆயர் வால்ச்சர், இன்றைய பெல்ஜியத்திலுள்ள லியேஜ் நகரத்திலிருந்து வந்தவர்.

வால்ச்சர் நல்ல மனிதர், ஆனால் வீட்டை அடக்கத் தெரியாதவர். நிர்வாகத்தை உறவினர் கில்பர்ட்டிடமும் திருச்சபைப் பணியைப் பார்த்த லியோப்வினிடமும் விட்டுவிட்டார். உள்ளூர்க்காரர்கள் சார்பில் அவையில் இருந்த பெரிய மனிதர் லியுல்ஃப். 1079இல் ஸ்காட்லாந்து மன்னன் மால்கம் படையெடுத்து வந்து கொள்ளையடித்தபோது ஆயரின் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள் என்று லியுல்ஃப் குறை சொன்னார். லியோப்வினுக்கு அது பொறுக்கவில்லை. கில்பர்ட் இரவில் ஆட்களோடு போய் லியுல்ஃபை வீட்டாரோடு சேர்த்துக் கொன்றான்.

சமாதானம் பேச 1080 மே 14ஆம் தேதி கேட்ஸ்ஹெட்டில் கூடினார்கள். ஆயர் நூறு பேரோடு வந்திருந்தார். கொலையில் தனக்குப் பங்கில்லை என்றார். கொலைகாரர்களை இன்னும் தன் வீட்டிலேயே வைத்திருக்கிறாரே என்று கேட்டால் பதில் இல்லை. கூட்டம் கொதித்ததும் அங்கிருந்த சிறிய தேவாலயத்துக்குள் ஒதுங்கினார். ‘சுருங்கச் சொன்னால் நல்லது, ஆயரைக் கொல்லுங்கள்’ என்று ஒருவன் கத்தியதாகப் பழைய வரலாறுகள் எழுதுகின்றன. கில்பர்ட்டை வெளியே அனுப்பினார், வெட்டினார்கள். கூட்டம் அடங்கவில்லை. கூரைக்குத் தீ வைத்தார்கள். மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு ஆயரே வெளியே வந்தார். லியோப்வின்தான் கடைசி.

இதற்கு மன்னர் தந்த பதில் இரண்டு. தம்பி ஓடோவை அனுப்பி மறுபடி ஊரை எரித்தார். டைன் ஆற்றின் எதிர்க்கரையில் ஒரு புதுக் கோட்டை எழுந்தது. நியூகாசில் நகரத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் ஆயரிடம் அதிகாரத்தைக் கொடுத்தது தப்பு என்று மன்னர்கள் முடிவு செய்யவில்லை. இங்கேதான் நிகழ்வின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லையில் ஒரு பிரபுவுக்குப் படையும் நிலமும் நீதிமன்றமும் கொடுத்தால், அவன் மகனுக்கும் பேரனுக்கும் அது போகும். மூன்றாம் தலைமுறையில் அந்தப் பேரன் மன்னனுக்கே எதிராக நிற்பான். ஆயருக்குச் சட்டப்படி மகன் கிடையாது. அவர் இறந்த அன்று நிலம், வருமானம், கோட்டை எல்லாம் மன்னர் கைக்குத் திரும்பும். அடுத்த ஆயரை யார் என்று முடிவு செய்வதிலும் மன்னரின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். ஆக, டர்ஹாமில் மன்னர் அதிகாரத்தைத் தானம் செய்யவில்லை. ஓர் ஆள் உயிரோடு இருக்கும்வரை கடன் கொடுத்தார். எல்லையைக் காக்க இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது.

இந்தக் கணக்கின் மறுபக்கமும் சீக்கிரமே தெரிந்தது. வால்ச்சருக்குப் பின் வந்த வில்லியம் செயின்ட் கலே, 1083இல் பேராலயத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகளை அமர்த்தினார். 1093இல் இன்றைய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். நடுவில் 1088 கலகத்தில் மன்னருக்குத் துரோகம் செய்ததாக விசாரணை. சால்ஸ்பரியில் நின்றுகொண்டு, நான் ஆயர், என்னைத் திருச்சபைச் சட்டப்படிதான் விசாரிக்க முடியும் என்று வாதாடினார். கேன்டர்பரி பேராயர் லான்ஃப்ராங்க் அசரவில்லை. உன்னை ஆயராக விசாரிக்கவில்லை, மன்னரிடம் நிலம் பெற்றவனாக விசாரிக்கிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார். ஒரே உடம்பில் இரண்டு ஆள். செயின்ட் கலே கோட்டையை ஒப்படைத்துவிட்டு நார்மண்டிக்குப் போனார். 1091இல் மன்னிக்கப்பட்டுத் திரும்பினார்.

அவர் 1096இல் இறந்ததும் இரண்டாம் வில்லியம் மூன்று ஆண்டு இடத்தை நிரப்பவேயில்லை. ஆள் இல்லாத பதவியின் வருமானம் அரண்மனைக்கு வரும் அல்லவா. இப்படிக் காலியான ஆயர்பதவிகளைக் கறந்து மன்னருக்குக் கொடுத்த அதிகாரி ரானல்ஃப் ஃபிளம்பார்ட். 1099இல் டர்ஹாம் அவருக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு மன்னர் போனார். புது மன்னர் முதலாம் ஹென்றி முதல் வேலையாக ஃபிளம்பார்ட்டை லண்டன் டவரில் அடைத்தார். அங்கே அடைபட்டவர்களில் பதிவில் உள்ள முதல் ஆள் இவர்தான். தப்பியவர்களிலும் முதல் ஆள் இவரே: 1101 பிப்ரவரியில் மதுப் பாத்திரத்துக்குள் கயிறு வந்தது, காவலர்கள் குடித்துத் தூங்கினார்கள், ஆயர் ஜன்னல் வழியாக இறங்கினார். அப்புறம் ஹென்றியோடு சமாதானமாகி, 1128 வரை டர்ஹாமில் இருந்தார். பேராலயத்தின் பெரும்பகுதியும் வியர் ஆற்றின் மேல் ஒரு பாலமும் அவர் காலத்தவை. அவருக்குப் பிள்ளைகளும் உண்டு; சட்டம் கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்து நின்று பார்க்க வேண்டியவர் ஹியூ டி புய்ஸே. 1153 முதல் 1195 வரை, நாற்பத்திரண்டு ஆண்டு. 1189இல் சிலுவைப்போருக்குக் காசு தேடிய ரிச்சர்ட் மன்னரிடமிருந்து நார்தம்பர்லாந்து பிரபு பதவியையே விலைக்கு வாங்கினார். கிழட்டு ஆயரை இளம் பிரபுவாக்கிவிட்டேன் என்று ரிச்சர்ட் சிரித்தாராம். ஆனால் அவருடைய பெயர் நிற்பது 1183இல் தொகுக்கப்பட்ட போல்டன் ஏட்டால். நூறாண்டு முன்னர் மன்னர் எடுத்த பெரிய நிலக் கணக்கு டர்ஹாமைத் தொடவேயில்லை. ஆயர் தன் கணக்கைத் தானே எடுத்துக்கொண்டார்.

போல்டன் கிராமத்தின் பதிவு இப்படிப் போகிறது: இருபத்திரண்டு குடியானவர்கள், ஆளுக்கு முப்பது ஏக்கர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் வரி, கொஞ்சம் ஓட்ஸ், வண்டி வேலைக்குப் பதிலாகப் பதினாறு பென்னி, ஐந்து வண்டி விறகு, இரண்டு கோழி, பத்து முட்டை தர வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ஆயர் நிலத்தில் வேலை. ஈஸ்டர் வாரமும் பெந்தெகொஸ்தே வாரமும் கிறிஸ்துமஸில் பதின்மூன்று நாளும் மட்டும் விடுப்பு. இருபத்திரண்டு குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் போல்டனிலிருந்து மட்டும் 220 முட்டை வரும். பத்து முட்டையைக்கூட விடாமல் எழுதிவைத்த அந்த எழுத்தரிடம்தான் ஆயரின் அரசு எப்படி ஓடியது என்பது தெரிகிறது. வாளும் கிரீடமும் மேலே, அடியில் கோழிக் கணக்கு.

சட்டத்தில் இதற்குப் பெயர் கவுண்ட்டி பாலட்டைன். நடைமுறையில், டைனுக்கும் டீஸுக்கும் நடுவில் மன்னரின் ஆணை ஓலை செல்லாது. ஆயரின் ஓலைதான் செல்லும். குற்றவாளி மீறியது மன்னரின் அமைதியை அல்ல, ஆயரின் அமைதியை. நீதிபதியும் ஷெரீஃபும் ஆயரின் ஆட்கள். நாணயச் சாலை உண்டு. கரை ஒதுங்கும் கப்பல் சரக்கு அவருக்கு. துரோகியின் சொத்துப் பறிமுதலும் அவருக்கே. மன்னிப்பு வழங்கும் அதிகாரம்கூட அவரிடம் இருந்தது. மக்கள் அந்த மாவட்டத்தையே ‘பிஷப்ரிக்’, அதாவது ஆயரின் ஆட்சிப்பகுதி, என்றுதான் சொன்னார்கள்.

இதன் உச்சம் ஆன்டனி பெக், 1284 முதல் 1311 வரை. 1298இல் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எதிரான ஃபால்கிர்க் போரில் ஒரு படைப்பிரிவை நடத்தினார். பின்னால் எருசலேமின் முதுபெரும் தந்தை என்ற பட்டமும் மேன் தீவின் ஆட்சியும் சேர்ந்தன. லண்டனில் மற்ற பிரபுக்கள் விலை கேட்டு ஒதுங்கிய நாற்பது ஹெர்ரிங் மீன்களை நாற்பது ஷில்லிங் கொடுத்து இவர் வாங்கினார் என்று டர்ஹாம் மடத்து வரலாற்றாளர் எழுதிவைத்திருக்கிறார். போல்டன் குடியானவனின் வரியோடு ஒப்பிட்டால், அது பதினாறு குடும்பத்தின் ஓராண்டுப் பண வரி. (நூறாண்டு இடைவெளி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.) ‘இங்கிலாந்தில் இரண்டு அரசர்கள்: கிரீடம் அணிந்த மன்னர் ஒருவர், கிரீடத்துக்குப் பதில் ஆயர்முடி அணிந்த டர்ஹாம் ஆயர் ஒருவர்’ என்று அவருடைய நிர்வாகியே வெளிப்படையாகச் சொன்னது இக்காலத்தில்தான்.

1300இல் பேராலயத்து மடத்தோடு தகராறு வந்தது. மடத்தைப் பார்வையிட ஆயர் தனியாக வரட்டும் என்றார் மடத் தலைவர் ரிச்சர்ட் டி ஹோட்டன். பெக் பரிவாரத்தோடு வருவேன் என்றார். கதவு அடைத்தது. ஆயரின் ஆட்கள் மடத்தை முற்றுகையிட்டார்கள், உணவை நிறுத்தினார்கள், மடத்துக்குத் தண்ணீர் வரும் குழாயை உடைத்தார்கள். கடைசியில் ஹோட்டனை அவருடைய இருக்கையிலிருந்து இழுத்துப்போட்டு வேறொருவரை உட்காரவைத்தார்கள். தன் பேராலயத்தையே தண்ணீர் இல்லாமல் போட்ட ஆயர் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

ஹோட்டன் தப்பிப்போய் ரோமில் முறையிட்டார். அதே நேரத்தில் மக்களும் எழுந்தார்கள். ஸ்காட்லாந்துப் போருக்கு அழைத்தபோது, நாங்கள் புனிதரின் மக்கள். கத்பர்ட்டின் உடலைக் காப்பது எங்கள் கடமை. டைனையும் டீஸையும் தாண்டி மன்னருக்கோ ஆயருக்கோ போர் செய்ய வேண்டியதில்லை என்றார்கள். ஆயரின் அதிகாரத்துக்கு அடித்தளமாக இருந்த அதே புனிதரைக் காட்டி அதே ஆயருக்குக் கட்டை போட்டார்கள். முதலாம் எட்வர்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1302இல் டர்ஹாமின் உரிமைகளைப் பறித்துக்கொண்டார். பெக் 1303இல் மக்களுக்கு உரிமைச் சாசனம் எழுதிக் கொடுத்த பிறகு ஆட்சி திரும்பியது. 1305இல் மறுபடி பறிப்பு; 1307இல் எட்வர்ட் இறந்து மகன் வந்த பிறகே மீண்டது. இரண்டு அரசர்களில் எந்த அரசர் கடன் கொடுத்தவர் என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அடுத்த இருநூறு ஆண்டை வேகமாகக் கடக்கலாம். ரிச்சர்ட் டி பரி புத்தகப் பித்தர். தாமஸ் ஹாட்ஃபீல்ட் தன் கல்லறையின் மேலேயே ஆயர் இருக்கையைக் கட்டிக்கொண்டார்; படியேறித்தான் போக வேண்டும். 1523இல் கார்டினல் வுல்ஸி ஆயரானார், ஆறு ஆண்டில் ஒரு தடவைகூட டர்ஹாமை எட்டிப் பார்க்கவில்லை. வருமானம் மட்டும் தவறாமல் தெற்கே போனது.

அடி விழுந்தது 1536இல். எட்டாம் ஹென்றியின் சட்டம் மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தையும் நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரத்தையும் ஆயரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஓலைகள் இனி மன்னர் பெயரில். 1553இல் நார்தம்பர்லாந்து டியூக் ஜான் டட்லியின் ஆட்சியில் ஆயர்பதவியையே கலைத்துச் சட்டம் போட்டார்கள். ஆயர் டன்ஸ்டல் ஏற்கனவே பதவி பறிக்கப்பட்டிருந்தார். சில மாதத்தில் சிறுவன் ஆறாம் எட்வர்ட் இறந்தார், டட்லியின் தலை போனது, மேரி அரசி 1554இல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். ஐந்து ஆண்டு கழித்து எலிசபெத்தைத் திருச்சபைத் தலைவராக ஏற்க மறுத்ததால் டன்ஸ்டல் மறுபடியும் வெளியே. எண்பதைத் தாண்டிய வயதில் அவருக்கு இது பழகியிருக்கும்.

இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த சீர்திருத்தத்துக்குப் பின் ஆயர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றானது. பழைய கணக்கின் ஒரு கால் அங்கேயே முறிந்தது. 1603இல் ஸ்காட்லாந்து மன்னரே இங்கிலாந்துக்கும் மன்னரானார். எல்லையே இல்லாதபோது எல்லைக் காவலர் எதற்கு? ஆனாலும் ஏற்பாடு தொடர்ந்தது. டர்ஹாமுக்கு நாடாளுமன்ற உறுப்பினரே கிடையாது. ஆயர்தான் பிரபுக்கள் அவையில் பேசுவார் என்று வைத்திருந்தார்கள். ஆயர் ஜான் காசின் இறக்கும்வரை இதை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் 1672இல் போனார். மறு ஆண்டு சட்டம் வந்தது. 1675இல் முதல் தேர்தல்.

இப்படி அரச அதிகாரத்தோடு இருந்த கடைசி ஆயர், ‘இளவரச ஆயர்’ என்பார்கள், வில்லியம் வான் மில்டர்ட். 1826இல் க்ராஃப்ட் பாலத்தில் வாளை வாங்கித் திருப்பிக் கொடுத்தவர். 1832இல், சீர்திருத்தக் காற்று வீசும்போது, டர்ஹாம் திருச்சபையின் சொத்தை நாடாளுமன்றம் எடுப்பதற்கு முன் நாமே நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று அவரும் பேராலயக் குழுவினரும் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பலன் நல்லது. அவர் 1836 பிப்ரவரியில் இறந்தார். ஜூனில் சட்டம் வந்து, மிச்சமிருந்த அரச அதிகாரங்கள் முழுதும் மன்னருக்குப் போயின. எதிர்க்க யாரும் இல்லை. பதவி காலி, மகனோ பேரனோ உரிமை கேட்டு வழக்குப் போட முடியாது. அடுத்து வந்த எட்வர்ட் மால்ட்பிக்கு ஆண்டுக்கு 8,000 பவுண்டு சம்பளம் என்று நிர்ணயித்தார்கள். கோட்டை பல்கலைக்கழகத்துக்குப் போய் மாணவர் விடுதியானது. ஆயர், பிஷப் ஆக்லாந்து என்ற ஊரிலிருந்த ஆக்லாந்து மாளிகைக்கு ஒதுங்கினார். டர்ஹாமின் தனிச் சான்சரி நீதிமன்றம் மட்டும் யாரும் கவனிக்காமல் 1971ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை உயிரோடு இருந்தது.

அதிகாரம் போன பிறகு ஆயர்கள் வேறு வகையில் தேவைப்பட்டார்கள். 1892இல் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து ஏறத்தாழ மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் கேட்டது பதின்மூன்றரை விழுக்காட்டுக் குறைப்பு. ஆயர் வெஸ்ட்காட் இரு தரப்பையும் ஆக்லாந்து மாளிகைக்கு அழைத்து, தனித்தனி அறையில் உட்காரவைத்து, நடுவில் போய்வந்தார். பத்து விழுக்காட்டில் முடிந்தது. (அவருடைய மகன்கள் இருவர் பின்னால் இந்தியாவில் ஆயர்களானார்கள், லக்னோவிலும் கல்கத்தாவிலும்.) 1925இல் நேர்மாறு. ஆயர் ஹென்ஸ்லி ஹென்சன் சுரங்கச் சங்கத்தை விமர்சித்து எழுதிவந்தார். அந்த ஆண்டுச் சுரங்கத் தொழிலாளர் விழாவில் கூட்டம் அங்கியோடு வந்த ஒருவரைப் பிடித்து வியர் ஆற்றில் தள்ளப் பார்த்தது. போலீஸ் படகு வந்து காப்பாற்றிய பிறகுதான் தெரிந்தது, அவர் ஆயர் இல்லை. பேராலயத்து குருமார்களின் தலைவரான டீன் வெல்டன். ஒரு காலத்தில் கல்கத்தாவின் ஆயராக இருந்தவர், பாவம்.

இன்றும் டர்ஹாம் ஆயருக்குச் சில மரியாதைகள் உண்டு. பிரபுக்கள் அவையில் வரிசைக்குக் காத்திராமல் இடம் பெறும் ஐந்து பேரில் ஒருவர். முடிசூட்டு விழாவில் மன்னரின் வலப்பக்கம் நிற்பவர் அவர்தான்; 2023இல் மூன்றாம் சார்லஸின் பக்கத்தில் நின்றவர் பால் பட்லர். 1984இல் ஆயர் டேவிட் ஜென்கின்ஸ் வந்தபோது க்ராஃப்ட் பால வாள் சடங்கையும் தூசி தட்டி எடுத்தார்கள்.

ஆக்லாந்து மாளிகையின் நீண்ட சாப்பாட்டு அறையில் பதின்மூன்று ஓவியங்கள் தொங்குகின்றன. ஸ்பெயின் ஓவியர் சுர்பரான் வரைந்த யாக்கோபும் பன்னிரண்டு மகன்களும், ஒவ்வொருவரும் ஆளுயரம். 1753இல் யூதர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்து, எதிர்ப்பில் உடனே ரத்தானது. அதை ஆதரித்த ஆயர் ரிச்சர்ட் ட்ரெவர் 1756இல் இந்தப் படங்களைப் பன்னிரண்டு படத்துக்கு 124 பவுண்டு கொடுத்து வாங்கினார். கடைக்குட்டி பென்யமீன் மட்டும் வேறொருவர் கைக்குப் போய்விட்டதால், அதற்கு ஒரு நகல் வரையச் சொல்லி வரிசையை நிரப்பினார். ஆதியாகமம் நாற்பத்தொன்பதாம் அதிகாரத்துக் காட்சி அது: சாகக் கிடக்கும் தகப்பன் மகன்களை வரிசையாகக் கூப்பிட்டு யாருக்கு என்ன என்று சொல்கிறான். ஆயருக்குப் பின் ஆயராக இருநூற்றைம்பது ஆண்டு அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் அந்தப் படங்கள் சொந்தமில்லை. அவை பதவியோடு வந்தவை. 2001இல் திருச்சபையின் சொத்து நிர்வாகிகள் விற்கப் பார்த்தார்கள். பத்தாண்டு இழுபறிக்குப் பின், ஜானதன் ரஃபர் என்ற முதலீட்டாளர் 1.5 கோடி பவுண்டு கொடுத்து அவற்றை அங்கேயே இருக்கச் செய்தார். மறு ஆண்டு மாளிகையும் கைமாறியது. ஆயர் இப்போது அங்கே குடியிருப்பதில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போய், பன்னிரண்டு மகன்களையும் பார்த்துவிட்டு வரலாம்.